கிரீட் தீவில் பத்து நாள்: எப்போது போவது, எங்கே தங்குவது, சைவர் என்ன சாப்பிடுவது

நீங்கள் கேட்ட கேள்வி இதுதான்: நீங்கள், உங்கள் கணவர், ஒன்பது வயதுப் பையன், முட்டைகூடத் தொடாத சைவ மாமியார். அவருக்கு முழங்கால் வலி வேறு. மத்தியதரைக் கடல் தீவு ஒன்றில் பத்து நாள் இருக்க வேண்டும். மனதில் இருப்பது கிரீஸ் நாட்டின் சாண்டோரினி தீவு. எப்போது போவது, எங்கே தங்குவது, மாமியார் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

சாண்டோரினியை விட்டுவிடுங்கள். எரிமலை வாயின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர் அது. படம் எடுக்க அதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்தான், ஆனால் எங்கே திரும்பினாலும் படிக்கட்டு. முழங்கால் வலிக்காரரை அங்கே கூட்டிப்போவது பாவம். கடலைப் பார்த்த அறை என்றாலே வாடகை எங்கேயோ போய்விடும், உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் நாளில் தெருவில் நிற்கக்கூட இடம் இருக்காது. இத்தாலியின் சிசிலித் தீவில் சாப்பாட்டைக் குறைசொல்ல முடியாது, ஆனால் அதைப் பத்து நாளில் பார்க்க நினைத்தால் பாதி நேரம் சாலையிலேயே போகும். மால்டா மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். ஆங்கிலம் ஓடும், பேருந்து இருக்கிறது, எல்லாம் சௌகரியம். நாலைந்து நாளில் முடிந்துவிடும் என்பதுதான் குறை. உங்கள் நாலு பேருக்கும் சேர்த்து யோசித்தால் நான் சொல்வது கிரீட்.

கிரீஸ் நாட்டின் தீவுகளில் பெரியது கிரீட். கிழக்கிலிருந்து மேற்காக 260 கிலோமீட்டர் நீளம், பரப்பு 8,300 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நடுவில் 2,456 மீட்டர் உயர மலை நிற்கிறது. தீவுதானே, ஒரு சுற்று சுற்றிவிடலாம் என்று போகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். மேற்கே ஹனியாவிலிருந்து நடுவில் உள்ள ஹெராக்லியனுக்கு 140 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். மலையைத் தாண்டித் தெற்குக் கரைக்குப் போனால் கிலோமீட்டர் கணக்கே உதவாது, வளைவுகளைத்தான் எண்ண வேண்டும். அதனால் தினம் ஓர் ஊர், தினம் ஒரு விடுதி என்று திட்டம் போடாதீர்கள். இரண்டு இடம், மிஞ்சிப்போனால் மூன்று.

மாமியார் சாப்பாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எந்தத் தேதியில் போவது, எந்த மாதிரி அறை எடுப்பது என்பதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

ஐரோப்பாவில் சைவர் என்றால் சாலட்டும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் என்று ஒரு பயம் நம் ஆட்களுக்கு உண்டு. கிரீட்டில் அந்தப் பயம் தேவையில்லை. காரணம் நாகரிகச் சைவ உணவகங்கள் இல்லை, விரதம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நாள்காட்டியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவர்களுக்கு ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் விரதம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், கிறிஸ்துமஸுக்கு முன்பு நாற்பது நாள், ஆகஸ்டின் முதல் இரண்டு வாரம், போதாததற்குப் புதன், வெள்ளி. அந்த நாள்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது, பெரும்பாலும் மீனும் கிடையாது. இன்று எல்லாரும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தலைமுறை தலைமுறையாக இப்படிச் சமைத்ததில், காய்கறி, பருப்பு, கீரை, ஆலிவ் எண்ணெய் இவற்றை மட்டும் வைத்து வயிறு நிறையச் சமைக்கிற கை அந்த ஊர்ப் பெண்களுக்கு வந்துவிட்டது.

‘லடேரா’ என்று ஒரு வகை இருக்கிறது. ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக விட்டு, தக்காளி சேர்த்து, காயை மெத்தென்று வேகவைத்தது. பீன்ஸ், கத்தரிக்காய், சீமைச்சுரைக்காய், உருளைக்கிழங்கு என்று எல்லாவற்றிலும் உண்டு. வெண்டைக்காயில்கூட உண்டு, பெயர் ‘பாமியெஸ்’. காரம் இருக்காது, புளிப்பு இருக்கும். ‘யெமிஸ்தா’ என்பது தக்காளியையும் குடைமிளகாயையும் குடைந்து, அரிசியும் மூலிகையும் அடைத்து அடுப்பில் சுட்டது. ‘ஃபாவா’ என்ற மஞ்சள் பருப்பு மசியலைப் பார்த்தால் மாமியார் முகம் மலரும்; மேலே பச்சை வெங்காயமும் எண்ணெயும் போட்டுத் தருவார்கள். பயறு, கொண்டைக்கடலை, பெரிய வெள்ளை மொச்சை மாதிரியான ‘யிகாந்தெஸ்’ எல்லாம் அன்றாடச் சாப்பாடு.

கீரை தனி விஷயம். ‘ஹோர்தா’ என்று கேட்டால் வேகவைத்து, எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்ட கீரை வரும். பருவத்துக்கு ஏற்றபடி கீரை மாறும். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மலைச்சரிவில் பறிக்கிற ஸ்தம்னகாதி, லேசான கசப்பு, விலையும் கூட. கோடையில் ‘வ்லீதா’, அது நம் தண்டுக்கீரையின் சொந்தக்காரன்தான், சுவையிலும் தெரியும். நம் ஊர்ப் பருப்புக்கீரை அங்கே கோடை சாலடில் பச்சையாகவே வரும்.

டாகோஸை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இரண்டு முறை சுட்ட பார்லி ரொட்டி, கல் மாதிரி இருக்கும், மாதக்கணக்கில் கெடாது. அதை ஒரு நொடி தண்ணீரில் காட்டி எடுப்பார்கள்; ஊறவிட்டால் போச்சு. நன்கு பழுத்த தக்காளியை நறுக்காமல் துருவி, சாறோடு அப்படியே மேலே கொட்டுவார்கள். உப்பு. அதன்மேல் மிசித்ரா என்ற வெள்ளைப் பாலாடைக்கட்டி, புளிப்பானது கிடைத்தால் இன்னும் நல்லது. கையால் கசக்கிய ஒரெகானோ, கடைசியாக எண்ணெய். வந்தவுடனே கை வைக்காமல் ஐந்து நிமிடம் விட்டால், தக்காளிச் சாறு அடிவரை இறங்கி, விளிம்பு மட்டும் மொறுமொறுவென்று இருக்கும். நல்ல கடையா என்று தெரிய முதல் நாள் டாகோஸ் சொல்லிப் பாருங்கள். தக்காளியைக் கட்டம் கட்டமாக நறுக்கிப் போட்டு வந்தால் அடுத்த வேளைக்கு வேறு கடை பார்க்கலாம்.

இனி எச்சரிக்கைகள். கடையில் ‘இனே நிஸ்தீசிமோ?’ என்று கேளுங்கள், விரதச் சாப்பாடா என்று அர்த்தம். ஆமாம் என்றால் இறைச்சி, முட்டை, பால் இல்லை என்று நம்பலாம். ஆனால் இரத்தம் இல்லாத உயிர்கள் விரதத்துக்கு ஆகும் என்பது அவர்கள் கணக்கு. இறால், கணவாய், ஆக்டோபஸ், சிப்பி, நத்தைகூட விரதச் சாப்பாடுதான்! அதனால் அந்த ஒரு கேள்வியோடு நிறுத்தாமல் கடல் உயிரினம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். ரோஜா நிறத்தில் கிண்ணத்தில் வரும் மசியல் தரமோசலாட்டா, மீன் முட்டை. அதைவிட ஏமாற்றுகிறது கமோபிலாஃபோ என்கிற கல்யாணச் சோறு. பார்த்தால் குழைந்த வெள்ளைச் சாதம், பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு. வெந்தது முழுக்க ஆட்டுச்சாறும் கோழிச்சாறும் கலந்த நீரில். உங்கள் இருவருக்கும் அது அமிர்தம், மாமியார் பக்கம் தட்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘கலிட்சூனியா’ என்ற குட்டிப் பணியாரங்களுக்கு உள்ளே பாலாடைக்கட்டியோ கீரையோ இருக்கும், மேலே முட்டை பூசியிருக்கும். கெட்டியான பாலாடைக்கட்டிகளில், கிராவியேரா உட்பட, பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைப் போடுவது வழக்கம். இதை மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப விவகாரம்.

சாப்பாட்டுக் கடையில் நடந்துகொள்கிற முறையும் வேறு. ஆளுக்கொரு தட்டு என்று சொல்லாமல் ஐந்தாறு வகை வாங்கி நடுவில் வைத்துப் பகிர்வார்கள், ஆனது ஆனபடி வந்துகொண்டிருக்கும். ரொட்டி கேட்காமலே வரும், அதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று ரசீதில் ஏறும். சண்டை போடாதீர்கள், அது வழக்கம். அடுப்பில் செய்த காய்கறி வகைகள் மதியம்தான் சூடாக இருக்கும், இரவில் தணல் இறைச்சி ஆட்சி. ஆகவே மாமியாருக்கு நிறைவான சாப்பாட்டை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஊர்க் கடைகளில் அடுப்படிக்குள் வந்து பாத்திரத்தைப் பார்க்கலாமா என்று கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவார்கள், கையால் சுட்டிக் காட்டினாலே போதும். மீன் கிலோ கணக்கில் விலை. எடை போட்டுத் தொகை கேட்ட பிறகு தலையாட்டுங்கள். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் உறைய வைத்த சரக்கு. சாப்பிட்டு முடித்ததும் பழமோ இனிப்போ, சின்னக் குடுவையில் ராக்கியோ இலவசமாக வைப்பார்கள். திராட்சைச் சக்கையிலிருந்து வடித்த சாராயம் அது. வேண்டாம் என்றால் கிளாஸைத் தூக்கி வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். நீங்களாகக் கேட்கிற வரை ரசீது வராது. கேட்காமல் நீட்டுவது, எழுந்து போ என்பதற்குச் சமம் அங்கே.

பையன் என்ன சாப்பிடுவான் என்று கவலைப்படவே வேண்டாம். ஆலிவ் எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு, தெற்குக் கரையிலுள்ள ஸ்ஃபாக்கியா ஊரின் தேன் ஊற்றிய அடை. தீர்ந்தது.

இதெல்லாம் ஆரோக்கியம் என்று இணையத்தில் வருகிற புகழுக்கு ஒரு பின்னணி உண்டு. ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1958இல் தொடங்கிய ஏழு நாட்டு ஆய்வில், கிரீட்டின் நடுவயது ஆண்களிடம்தான் இதயநோய் மிகக் குறைவாக இருந்தது. மத்தியதரைக் கடல் உணவுமுறை என்ற பேச்சு உலகமெங்கும் பரவ அது ஒரு பெரிய காரணம். 2010இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் அந்த உணவுமுறை ஏறியது. ஆனால் கீஸ் பார்த்த மனிதர்கள் போர் முடிந்து, மலையில் ஆடு மேய்த்து, காலால் நடந்து, இறைச்சியைப் பண்டிகைக்கு மட்டும் கண்டவர்கள். இன்றைய கிரீட்டில் பீட்சாக் கடையும், ரொட்டியில் இறைச்சி மடித்துத் தரும் கைரோஸ் கடையும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, பிள்ளைகளின் உடல் பருமன் அங்கேயும் பெரிய கவலை. அந்தப் பழைய சாப்பாடு வேண்டுமென்றால் தேடித்தான் போக வேண்டும்.

இப்போது தேதி. பையனின் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியிலிருந்து மே முழுக்க என்று வைத்துக்கொள்கிறேன். அதிர்ஷ்டம்தான், மே மாதம் கிரீட்டுக்கு ஆகச் சிறந்த மாதங்களில் ஒன்று. மலையெல்லாம் பூ, பகலில் 25 டிகிரியை ஒட்டிய வெயில், விடுதிகளில் கோடை விலை ஏறியிருக்காது. கடல் மட்டும் கொஞ்சம் குளிரும். பையன் பொருட்படுத்த மாட்டான், பெரியவர்கள் காலை நனைத்துக்கொண்டு வந்துவிடலாம். ஆகஸ்டில் போகாதீர்கள். 15ஆம் தேதி மரியாளின் பெருவிழா, ஊர் ஊராகத் திருவிழா நடக்கும், ஏதென்ஸே காலியாகித் தீவுகளுக்கு வந்துவிடும். வெயிலும் வாடகையும் உச்சத்தில் இருக்கும், வடக்குக் கரையில் காற்று தூக்கும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் எனக்குப் பிடித்த காலம். கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், திராட்சை அறுவடை நடக்கும், அக்டோபர் கடைசியில் கிராமங்களில் ராக்கி வடிக்க ஆரம்பிப்பார்கள். செப்புக் கொப்பரையின் மூடி விளிம்பை மாவால் அடைத்து அடியில் விறகு எரியும், அந்தத் தணலிலேயே உருளைக்கிழங்கு சுடுவார்கள், மாதுளை உடைப்பார்கள், யார் வந்தாலும் உட்கார இடம் கிடைக்கும். ஆனால் பள்ளிக்கு லீவு போட வேண்டுமே.

ஈஸ்டர்தான் அங்கே ஆண்டின் பெரிய பண்டிகை, கிறிஸ்துமஸ் அதற்கப்புறம்தான். தேதி நம் ஊர்த் தேவாலயங்களின் ஈஸ்டரோடு பெரும்பாலும் ஒத்துவராது. 2026இல் ஏப்ரல் 12, 2027இல் மே 2. 2027இல் போவதாக இருந்தால் உங்களுக்கு யோகம்: பள்ளி விடுமுறை, நல்ல வானிலை, பண்டிகை மூன்றும் ஒன்றாக வருகின்றன. புனித வாரத்தின் வியாழன் வீடுதோறும் முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். வெள்ளி இரவு பூவால் மூடிய இயேசுவின் பாடையைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுதும் மெழுகுவர்த்தியோடு தெருவில் நடக்கும். வாரக்கணக்கில் பையன்கள் சேர்த்து வைத்த விறகு தேவாலய முற்றத்தில் மலையாகக் குவிந்திருக்கும், உச்சியில் யூதாஸ் பொம்மை. சனி நள்ளிரவில் விளக்கையெல்லாம் அணைத்து, குருவின் கையிலிருக்கும் ஒரே சுடரிலிருந்து எல்லாரும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்வார்கள், ‘கிறிஸ்தோஸ் அனெஸ்தி’ என்ற பாட்டு எழும்பும், யூதாஸுக்குத் தீ வைப்பார்கள், வெடி காதைப் பிளக்கும். அணையாமல் கொண்டுபோன சுடரால் வீட்டு நிலைப்படியின் மேல் சிலுவைக் குறியாகக் கரி இடுவார்கள். உங்கள் பையன் பயணத்தில் வேறு எதை மறந்தாலும் அந்த நெருப்பை மறக்க மாட்டான்.

மாமியாருக்கு ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புனித வாரம் முழுக்க எங்கே பார்த்தாலும் விரதச் சாப்பாடு, அவர் ராஜ்யம். ஞாயிறு விடிந்ததும் எல்லாம் தலைகீழ். முற்றத்துக்கு முற்றம் ஆடு தணலில் சுழலும், கடைகளிலும் அதே. அன்று வாசமே அவருக்குப் பிடிக்காமல் போகலாம். அன்றைக்குச் சமையல் வசதியுள்ள அறை கையில் இருந்தால் பிரச்சினை இல்லை. இன்னொன்று, ஈஸ்டருக்கு ஏதென்ஸ்காரர்கள் சொந்த ஊர் திரும்புவார்கள். கப்பல், விமானம், கிராமத்து அறை எல்லாம் ஐந்தாறு மாதம் முன்பே பதிவு செய்யப்பட வேண்டும். பண்டிகை நெரிசல் வேண்டாம் என்றால் ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் கழித்துப் போய் இறங்குங்கள். ஏப்ரலின் முதல் வாரங்களில் மட்டும் கடற்கரை விடுதிகள் பல இன்னும் திறந்திருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

தங்குமிடம். வடக்குக் கரையில் ஹெராக்லியனுக்குக் கிழக்கே ஹெர்சொனிசோஸ், மாலியா பக்கம் பெரிய பெரிய விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. மூன்று வேளைச் சாப்பாடும் குடியும் வாடகையிலேயே அடக்கம், நீச்சல்குளம், குழந்தைகளுக்கு விளையாட்டு. கைக்குழந்தை இருந்தால் அதுதான் நிம்மதி என்று நானே சொல்வேன். உங்களுக்கு வேண்டாம். பணம் கட்டியாயிற்றே என்று மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடுவீர்கள், அந்த பஃபே மேசையில் கிரீட்டின் சாப்பாடு ஓர் ஓரமாக மட்டும் இருக்கும். மாலியா வேறு இரவெல்லாம் இளவட்டங்களின் ஆட்டபாட்டம்.

ஹனியாவின் பழைய ஊர் அழகு. கிரீட்டை 1669 வரை நானூறு ஆண்டுக்கு மேல் வெனிஸ்காரர்கள் ஆண்டார்கள். அவர்கள் காலத்து வீடுகளைத்தான் இன்று சின்னச் சின்ன விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். கல் வளைவு, மர உத்தரம், ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். கூடவே செங்குத்தான மாடிப்படி, லிஃப்ட் கிடையாது, கார் வாசல்வரை வராது, பெட்டியைக் கல் பாவிய சந்துகளில் இழுத்துப்போக வேண்டும். பதிவுக்கு முன்பு தரைத்தளமா, வாசலில் எத்தனை படி, கார் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். துறைமுக ஓரத்தில் நள்ளிரவு தாண்டியும் சத்தம். கொஞ்சம் உள்ளே தள்ளி ஸ்ப்லான்ட்சியா பகுதியில் எடுத்தால் தூங்கலாம்.

எனக்கு விட்டால் உங்களை ஹனியாவுக்கும் ரெதிம்னோவுக்கும் நடுவில் வாமோஸ், கவலோஹோரி மாதிரி ஒரு கிராமத்தில் ஐந்து இரவு வைப்பேன். பழைய கல் வீடுகளைச் செப்பனிட்டு வாடகைக்கு விடுகிறார்கள், சுற்றிலும் ஆலிவ் தோப்பு, கடற்கரை பத்துப் பதினைந்து நிமிடக் கார் தூரம். அப்புறம் தெற்குக் கரையில் பாலியோஹோராவில் மூன்று இரவு. அங்கே குடும்பங்களே நடத்துகிற வாடகை அறைகள்தான் அதிகம். கீழே அவர்கள், மேலே நீங்கள். அடுப்பு, குளிர்பெட்டி, நாலு தட்டு இருக்கும். தோட்டத்து எலுமிச்சை, வீட்டு ஜாம் என்று ஏதாவது ஒன்று வாசலில் வந்து உட்காரும், பதிலுக்கு நம் ஊர் முறுக்கு ஒரு பொட்டலம் கொண்டுபோயிருந்தால் நல்லது. கடைசி இரண்டு இரவு ஹெராக்லியனுக்குப் பக்கத்தில் அர்ஹானெஸ், விமான நிலையம் கிட்ட.

அறையில் அடுப்பு இருந்தால் மாமியாருக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. அங்கே செம்மறியாட்டுப் பாலில் உறைந்த தயிர் மண்சட்டியில் கிடைக்கும், மேலே ஆடை தடித்து நிற்கும். அரிசியும் எல்லாக் கடையிலும் உண்டு. அந்தத் தயிரில் பிசைந்த தயிர்சாதம் நம் ஊரில்கூடக் கிடைக்காது. கடுகு, பெருங்காயம், ஊறுகாய் மட்டும் பெட்டியில் வையுங்கள். காய்கறிக்கு வாரச் சந்தை இருக்கிறது, ஹனியாவில் சனிக்கிழமை மினோஸ் தெருவில் கூடும். மே மாதத்தில் லோக்காட் பழம், பச்சை மொச்சை, ஆர்டிசோக் எல்லாம் குவிந்திருக்கும்.

அறை விலையைப் பார்க்கும்போது ஒரு கூடுதல் செலவு கணக்கில் வராமல் போகும். கிரீஸ் அரசு தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் காலநிலைக் கட்டணம் வாங்குகிறது. 2025 முதல் ஏப்ரல்–அக்டோபர் மாதங்களில் விடுதியின் நட்சத்திரத்தைப் பொறுத்து அறைக்கு 2 யூரோவிலிருந்து 15 யூரோ வரை, குறுகிய கால வாடகைக் குடியிருப்புக்கு 8 யூரோ, பெரிய தனி வீடானால் 15. தலைக்கு இல்லை, அறைக்கு. பெரும்பாலும் போய் இறங்கியதும் கையில் கேட்பார்கள். இணையத்தில் பதிவு செய்கிற வீடுகளுக்கு அரசுப் பதிவெண் விளம்பரத்தில் இருக்க வேண்டும், அது இல்லாத வீட்டைத் தொடாதீர்கள். வீட்டுக்குள் போனதும் தெரிகிற இரண்டு சங்கதி: வெந்நீர் பல இடங்களில் மாடியிலுள்ள சூரிய வெந்நீர்த் தொட்டியிலிருந்து வருவதால் சாயங்காலம் குளித்தால் நல்ல சூடு கிடைக்கும், கழிப்பறைக் காகிதத்தை உள்ளே போட்டுத் தண்ணீர் விடக் கூடாது, பக்கத்துக் கூடையில் போட வேண்டும், குழாய்கள் குறுகல். மதியம் இரண்டிலிருந்து ஐந்து ஊரே தூங்கும். பையன் பந்து விளையாடினால் பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்ப்பார்.

பார்க்க வேண்டியவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதற்கு எல்லா இடத்திலும் பட்டியல் உண்டு. ஹெராக்லியன் பக்கத்திலுள்ள பழங்கால நோஸஸ் அரண்மனைக்குக் காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள், நிழல் குறைவு. ஆர்தர் எவான்ஸ் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் 1900இல் தோண்டத் தொடங்கி, பிறகு கான்கிரீட்டால் சில பகுதிகளைத் திரும்பக் கட்டிய இடம். அறிஞர்கள் இன்னும் திட்டுகிறார்கள், குழந்தைகளுக்கு என்னவோ அந்தச் சிவப்புத் தூண்களால்தான் ஏதாவது புரிகிறது. முதல் நாள் ஹெராக்லியன் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. எலஃபோனிசி கடற்கரையில் தண்ணீர் முழங்கால் அளவுதான், பையனை விடலாம், மாமியாரும் இறங்கலாம். பேருந்துக் கூட்டம் வருவதற்கு முன்பு போங்கள். சமரியா பள்ளத்தாக்கு 16 கிலோமீட்டர் கல்லும் முள்ளுமான இறக்கம், உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். நடந்தே ஆக வேண்டும் என்றால் நீங்களும் பையனும் அதில் பாதித் தூரமுள்ள இம்ப்ரோஸ் பள்ளத்தாக்கில் இறங்குங்கள், மாமியாரும் கணவரும் ஸ்ஃபாக்கியாவில் கடல் பார்த்து உட்கார்ந்திருக்கட்டும். அங்கிருந்து படகில் லூத்ரோ போகலாம். சாலையே இல்லாத ஊர், கார் சத்தமே கேட்காது.

வடக்குக் கரை நகரங்களுக்கு இடையே பேருந்து நன்றாக ஓடுகிறது, கிராமத்தில் தங்கினால் கார் இல்லாமல் முடியாது. வலப்பக்கம் ஓட்ட வேண்டும், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைச் சொந்த ஊரிலேயே வாங்கிவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் குறைவு, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நெடுஞ்சாலையில் பின்னால் வருகிறவனுக்கு வழிவிட எல்லாரும் ஓரக்கோட்டைத் தாண்டி ஒதுங்கித்தான் ஓட்டுவார்கள், பார்த்துப் பதறாதீர்கள். மலைச்சாலையில் ஆடுகளுக்குத்தான் முன்னுரிமை.

சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் மாறி ஏதென்ஸ், அங்கிருந்து ஹனியாவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் விமானம். இல்லையென்றால் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் இரவுக் கப்பல் ஏறி விடியும்போது இறங்கலாம். படுக்கை அறை எடுத்தால் ஒரு விடுதி இரவு மிச்சம், பையனுக்கும் கொண்டாட்டம். கிரீஸுக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பையனுக்கு 45. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். மாமியாருக்கு ஏற்கெனவே உள்ள உடல் உபாதைகளும் அதில் அடங்குமா என்று வரி விடாமல் படித்துப் பாருங்கள். விசா கையில் வரும்வரை பணம் திரும்பக் கிடைக்கிற அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள். பாலியோஹோரா மாதிரி இடங்களில் குடும்பத்தார் நேரடியாக விடுகிற அறைகளுக்கு விசா வந்தபின் மின்னஞ்சல் போட்டாலே போதும், மே மாதத்தில் இடம் இருக்கும். எழுதும்போதே வீட்டில் ஒருவர் சைவம், முட்டை சாப்பிட மாட்டார் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.